சேற்றுப்புண்ணுக்குச் சேறு தேவையில்லை

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். இடது கால் சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் மூன்று மாதமாகத் தோல் வெள்ளையாக ஊறி உரிகிறது, அரிக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய கிரீமை நான்கு நாள் பூசினால் அடங்குகிறது. இரண்டு வாரத்தில் பழையபடி ஆகிவிடுகிறது. தினமும் இரண்டு வேளை குளிக்கிறவனுக்குச் சேற்றுப்புண் எப்படி வரும் என்கிறீர்கள். வெந்நீரில் கிருமிநாசினி ஊற்றிக் காலை வைத்துப் பார்த்தீர்கள், வினிகர் தடவினீர்கள், ஒரு ஜோடி ஷூவைத் தூக்கி எறிந்தீர்கள். கடைசியாகப் போகிற போக்கில் ஒரு வரி: அப்பாவின் கால் கட்டைவிரல் நகம் பல வருடமாக மஞ்சளாகத் தடித்திருக்கிறது, அது வயசானால் வருவதுதானே என்று. எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. அதற்கு இந்தப் பதிலின் முடிவில் வருகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. நான் மருத்துவர் இல்லை. தோல் மருத்துவர்கள் அனுப்புகிற சுரண்டல்களையும் (சுரண்டி எடுத்த தோல் செதில்கள்) நகத் துணுக்குகளையும் நுண்ணோக்கியில் வைத்து, பூஞ்சை இருக்கிறதா இல்லையா என்று எழுதிக் கொடுக்கிற பரிசோதனைக்கூட ஆள். ஆகவே சிகிச்சையைப் பற்றிச் சொல்லும்போது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டதை மட்டும் சொல்கிறேன். பூஞ்சையைப் பற்றிச் சொல்வது கண்ணால் பார்த்துப் பழகியது.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. விரலிடுக்கில் வந்தால் சேற்றுப்புண், உடம்பில் வட்டமாக வந்தால் படர்தாமரை, நகத்தில் வந்தால் நகச்சொத்தை, குதிகாலில் தோல் தடித்து வெடித்தால் யோசிக்காமல் பித்தவெடிப்பு. நான்கு பெயர் இருப்பதால் நான்கு நோய் என்று நினைத்துவிடுகிறோம். முதல் மூன்றையும் பெரும்பாலும் செய்வது ஒரே குடும்பத்துப் பூஞ்சை. நான்காவதிலும் ஒரு பங்கு அதனுடையது. பாதத்தில் மிக அதிகமாகப் பிடிபடுவது டிரைகோஃபைட்டான் ரூப்ரம். அதற்கு அடுத்து டிரைகோஃபைட்டான் இன்டர்டிஜிட்டேல், எப்போதாவது எபிடெர்மோஃபைட்டான் ஃப்ளாக்கோசம். காலில் இருப்பது தொடையிடுக்குக்குப் போனால் அங்கே வேறு பெயர், வேறு கிரீம், வேறு வெட்கம். பூஞ்சைக்கு இந்த எல்லைகள் எதுவும் தெரியாது.

அது வாழ்வது கெரட்டினில். நம் தோலின் மேலடுக்கு, முடி, நகம் மூன்றும் செத்த செல்களால் ஆனவை, கெரட்டின் என்ற புரதம் நிரம்பியவை. இந்தப் பூஞ்சைகள் கெரட்டினைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கின்றன. சாதாரணமாக உயிருள்ள அடுக்குக்குள் அவை இறங்குவதில்லை; உடம்பின் உள் வெப்பமும் அவற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை, தோல் மேற்பரப்பின் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ்தான் வசதி. இது ஒன்று தெரிந்தால் பாதி நம்பிக்கைகள் தானாக உதிர்ந்துவிடும். ‘ரத்தம் கெட்டுப்போய் வெளியே வருகிறது’ என்பார்கள். இது ரத்தத்திலிருந்து வருவதே இல்லை. சாப்பாட்டில் சர்க்கரையைக் குறைத்தால் பூஞ்சை பட்டினி கிடந்து சாகும் என்கிறார்கள். அது உங்கள் தட்டில் சாப்பிடவில்லை, உங்கள் தோலில் சாப்பிடுகிறது. நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்களுக்குத் தொற்று எளிதில் பிடிக்கும், சிக்கலும் ஆகும் என்பது உண்மைதான். அதற்கான பதில் நீரிழிவைக் கட்டுக்குள் கொண்டுவருவது. ஆரோக்கியமான ஒருவர் இனிப்பை விட்டதால் விரலிடுக்கு ஆறாது.

எங்கள் மேசையில் இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். உரிகிற இடத்தின் விளிம்பில் மழுங்கிய கத்தியால் சுரண்டினால், மாவு மாதிரி கொஞ்சம் செதில் உதிரும். அதைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, 10 அல்லது 20 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய கண்ணாடியை மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தக் காரம் தோல் செல்களை இளக்கிக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடும். பூஞ்சையின் சுவர் அவ்வளவு சீக்கிரம் கரையாது. வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தால் மங்கலான செல்களின் நடுவே இழைகள் தெரியும்: ஒரே தடிமன், இடையிடையே தடுப்பு, அங்கங்கே கிளை. முக்கியமான அடையாளம், அவை செல்களின் ஓரமாக வளைந்து போகாமல் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் செல்களின் ஓரக் கோட்டையே இழை என்று எழுதிவிடுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன். சில இழைகள் மணி கோத்த மாதிரி துண்டு துண்டாக உடைந்து நிற்கும். அந்த மணிகளுக்கு ஆர்த்ரோகொனிடியா என்று பெயர். அவைதான் உதிர்ந்த செதிலோடு குளியலறைத் தரையிலும் காலுறையிலும் ஷூவுக்குள்ளும் போய் உட்கார்ந்து, மாதக்கணக்கில் உயிரோடு இருப்பவை.

இந்தப் படத்தில் அழுக்கு எங்கே? எங்கும் இல்லை. சுத்தமில்லாதவர்களுக்குத்தான் வரும் என்ற பேச்சுக்கு ஆதாரமே கிடையாது. சுத்தமாக இருக்கும் காலிலும் செத்த தோல் இருக்கும், வியர்வை இருக்கும். அதற்கு மேல் பூஞ்சை எதையும் கேட்பதில்லை. உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது, வியர்வைச் சுரப்பிகள் ஏராளம். எண்ணெய்ச் சுரப்பில் இருக்கும் கொழுப்பு அமிலங்களுக்குப் பூஞ்சையை ஓரளவு தடுக்கிற குணம் உண்டு. அந்தப் பாதுகாப்பு பாதத்துக்குக் கிடைக்காமல் போகிறது. மேலே ஷூவை வேறு மாட்டிப் பத்து மணி நேரம் மூடிவைக்கிறோம். சுண்டுவிரல் இடுக்கில் முதலில் வருவதற்கும் இதே காரணம்தான். ஐந்து விரல்களில் மிக நெருக்கமாக ஒட்டியிருப்பது அந்த இரண்டும்தான்; காற்றே புகாது. சேறு செய்வது என்னவென்றால், நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிறவர்களின் தோலை ஊறவைத்து வாசலைத் திறந்துவிடுகிறது. வியர்த்த காலுறையும் அதே வேலையைச் செய்யும். பெயர் வைத்த காலத்தில் நாள் முழுக்க ஈரத்தில் நின்றவர்கள் சேற்றில் நின்றார்கள், அதனால் சேற்றுப்புண். இன்றைக்குப் பெயர் வைத்தால் ஷூப்புண் என்றுதான் வைக்க வேண்டும்.

இதற்கு வரலாற்றிலும் ஒரு சாட்சி உண்டு. ரூப்ரம் பூஞ்சையை 1910இல் விவரித்தவர் ஆல்டோ காஸ்டெல்லானி. தென்கிழக்கு ஆசியாவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் நெடுங்காலமாக இருந்த பூஞ்சை அது. அங்கே வெறுங்காலோடு நடந்த மக்களுக்கு உடம்பில் படர்தாமரையாக வந்ததே ஒழியப் பாதத்தில் பெரிதாக வரவில்லை. ஷூ போட்ட படைவீரர்களும் குடியேறிகளும் வந்த பிறகு அது பாதத்தில் இடம் பிடித்து, இருபதாம் நூற்றாண்டின் போர்களோடும் பயணங்களோடும் உலகம் சுற்றியது என்றுதான் பூஞ்சையியல் நூல்கள் அதன் கதையைச் சொல்கின்றன. ஆங்கிலத்தில் விளையாட்டு வீரர்களின் பெயரை இதற்குச் சூட்டியிருக்கிறார்கள். அதுவும் தவறான பெயர்தான். உடை மாற்றும் அறையின் ஈரத்தரையும் நனைந்த காலுறையும் யாருக்கு வாய்த்தாலும் வரும்.

உங்கள் வெந்நீர், கிருமிநாசினி விஷயத்துக்கு வருவோம். கழுவுவது தப்பில்லை. கழுவிவிட்டுத் துடைக்காமல் விடுவதுதான் தப்பு. காலை அரை மணி நேரம் ஊறவைத்தால் பூஞ்சைக்கு நீங்களே படுக்கை விரித்துக் கொடுத்த மாதிரி. கிருமிநாசினி வேறு ஏற்கெனவே வெடித்த தோலை எரித்துப் புண்ணாக்கும், அதில் பாக்டீரியா புகும். எங்களுக்கு வரும் சுரண்டல்களில் சிலவற்றில் பூஞ்சையே இருக்காது; விசாரித்தால் மாதக்கணக்கில் ஏதாவது ஒன்றில் காலை ஊறவைத்தவராக இருப்பார். குளித்ததும் துண்டின் முனையை விரலிடுக்கில் நுழைத்து, ஒவ்வொரு இடுக்காக ஈரம் ஒற்றி எடுங்கள். அந்தத் துண்டு காலுக்கு மட்டும். ஒரு நிமிட வேலை, ஆனால் பத்தில் ஒன்பது பேர் செய்யாத வேலை. (பத்தில் ஒன்பது என்பது என் எரிச்சல், கணக்கெடுப்பு அல்ல.)

இனி அந்த நான்கு நாள் கிரீம். திரும்பத் திரும்ப வருவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

அரிப்பு பூஞ்சையின் குரல் இல்லை. அதைப் பார்த்து உங்கள் தோல் போடுகிற சத்தம். மருந்து பட்டதும் பூஞ்சை ஒடுங்கும், தோல் அமைதியாகும், அரிப்பு நிற்கும். மேலடுக்கின் ஆழத்தில் இழைகள் மிச்சம் இருக்கும். தோலின் மேலடுக்கு முழுக்கப் புதிதாக மாறுவதற்கு ஏறக்குறைய நான்கு வாரமோ அதற்குச் சற்று மேலோ ஆகும். நான்கு நாளில் நிறுத்தினால் மிச்சமிருப்பது நிதானமாக மறுபடி வளரும். க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல் வகைக் கிரீம்கள் பூஞ்சையின் வளர்ச்சியை நிறுத்துகிறவை. தினம் இரண்டு முறை வீதம் நான்கு வாரம் வரை பூச வேண்டும், பார்வைக்குச் சரியான பிறகும் ஒன்றிரண்டு வாரம் தொடர வேண்டும். டெர்பினஃபின் பூஞ்சையைக் கொல்லக்கூடியது, தோலில் தங்கியும் நிற்கும். விரலிடுக்குத் தொற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் பொதுவாகப் போதும். இரண்டு வகையும் தாக்குவது எர்கோஸ்டெரால் என்ற பொருள் உருவாகும் பாதையை. பூஞ்சைக்கு அது இல்லாமல் செல்சவ்வு இல்லை. நம் செல்களில் அந்த இடத்தில் இருப்பது கொலஸ்டிரால். பூஞ்சை சாகும்போது நம் தோல் தப்புவது இந்த வித்தியாசத்தால்தான். வெள்ளையாக இருக்கும் இடத்தில் மட்டும் புள்ளி வைத்தால் போதாது. விளிம்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை, மற்ற விரலிடுக்குகளிலும், அடுத்த காலிலும் பூசுங்கள். அந்தக் காலில் ஒன்றுமே தெரியாவிட்டாலும்.

இதைவிட மோசமான இன்னொரு வாய்ப்பு உண்டு. நீங்கள் வாங்கிய டியூபில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அரிப்புக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டால் மூன்று நான்கு மருந்து சேர்ந்த கிரீமை எடுத்துக் கொடுப்பது பரவலாக நடப்பதுதான்: ஒரு பூஞ்சை மருந்து, ஒரு பாக்டீரியா மருந்து, ஒரு பலமான ஸ்டீராய்டு. பூசிய அன்று இரவே அரிப்பு நிற்கும், சிவப்பு மறையும், ‘கைராசியான மருந்து’ என்று தோன்றும். ஸ்டீராய்டு செய்தது தோலின் வாயைப் பொத்தியது மட்டும்தான். தோலின் எதிர்ப்பு அடங்கியதும் பூஞ்சைக்குக் கேட்க ஆளில்லை. விளிம்பு மங்கும், வட்டம் கலையும், பார்க்கிற மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும். இதற்கு டீனியா இன்காக்னிட்டோ என்றே ஒரு பெயர் உண்டு, மாறுவேடம் போட்ட பூஞ்சை என்று பொருள் கொள்ளலாம். அப்படிப்பட்ட சுரண்டல் எங்கள் மேசைக்கு வந்தால் தேட வேண்டியதே இல்லை. சாதாரணச் சில்லில் ஐந்து நிமிடம் துழாவி இரண்டு இழை கண்டுபிடிக்கிற இடத்தில், ஸ்டீராய்டு பூசிய தோலில் பார்வை முழுக்கப் புதர் மாதிரி மண்டிக் கிடக்கும். போதாததற்கு நாளாக நாளாகத் தோல் மெலிந்து போகும்.

ஆகவே டியூபைக் கையில் எடுத்து, சின்ன எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் இவற்றில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. க்ளோபெட்டசால் என்பதும் க்ளோட்ரிமசோல் என்பதும் வாயால் சொல்லிக் கேட்கும்போது அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். க்ளோட்ரிமசோல் பூஞ்சைக்கு எதிரி, க்ளோபெட்டசால் பூஞ்சைக்குத் தோழன். எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு பூசியிருந்தால் நிறுத்திய சில நாளில் அரிப்பும் சிவப்பும் முன்னைவிட அதிகமாகும். பயந்துபோய் மறுபடி அதையே எடுத்துவிடாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மீந்துபோன ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் போட்டுப் பார்க்கிறவர்களும் உண்டு. அது பாக்டீரியாவுக்கு, பூஞ்சையைத் தொடாது. நிஸ்டாட்டினும் அப்படித்தான்: பூஞ்சை மருந்துதான், ஆனால் கேன்டிடா என்ற ஈஸ்ட்டுக்கு வேலை செய்யும், பாதத்தில் வரும் இந்த வகைகளுக்குச் செய்யாது. எல்லாம் ஒழுங்காகச் செய்தும் போகவில்லை என்றால் மருந்துக்கு அடங்காத பூஞ்சையையும் நினைக்க வேண்டியிருக்கிறது. 2020இல் தனி இனமாகப் பெயர் பெற்ற டிரைகோஃபைட்டான் இன்டோடினியே என்பதில் டெர்பினஃபினுக்கு மசியாதவை நிறைய. அது பெரும்பாலும் உடம்பிலும் தொடையிடுக்கிலும் படர்வது, பாதத்தில் உங்களுக்கு அதுதான் என்று நான் நினைக்கவில்லை. நான்கு நாள் பூசி நிறுத்தியவர் பூஞ்சையின் எதிர்ப்புச் சக்தியைக் குறை சொல்ல முடியாது.

உள்ளங்காலும் கொஞ்சம் வறண்டு உரிகிறது, அது பித்தவெடிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் பாதப் பூஞ்சையிலேயே ஒரு வகை அப்படித்தான் நடிக்கும். குதிகாலிலிருந்து பாதத்தின் இரு ஓரமும் தோல் தடித்து, மெல்லிய வெள்ளைச் செதில் படிந்து, ஒரு செருப்பு அளவுக்கு எல்லை கட்டினாற்போல் இருக்கும். அரிக்காது, அரித்தாலும் லேசாக. பூஞ்சை என்றால் அரிக்க வேண்டுமே என்று நினைப்பதால் வருடக்கணக்கில் வறட்சி என்று எண்ணெய் தடவிக்கொண்டே இருப்பார்கள். வெளிச்சத்தில் உட்கார்ந்து உள்ளங்கால் ரேகைகளைப் பாருங்கள். ரேகைக்குள் மட்டும் மாவு தூவியது போல வெள்ளைக் கோடு ஓடினால் சந்தேகப்படலாம். அப்படியே இரண்டு உள்ளங்கைகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். இரண்டு காலும் ஒரே ஒரு கையும் இப்படி ஆவது இந்த நோயின் பிரபலமான கையெழுத்து. காலைச் சொறிகிற கை, நகம் வெட்டுகிற கை, அதற்குத்தான் போகும். தடித்த பாதத்தில் கிரீம் ஆழமாக இறங்காது. தடிப்பைக் குறைக்க யூரியா அல்லது சாலிசிலிக் அமிலம் சேர்ந்த களிம்பும், சிலருக்கு மாத்திரையும் வேண்டியிருக்கும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: காலில் உரிவதெல்லாம் பூஞ்சை என்று முடிவு கட்டுவது. ஷூவின் தோலில் இருக்கும் குரோமியம், ரப்பரில் இருக்கும் வேதிப்பொருள் இவற்றுக்கு ஒவ்வாமை வந்தால் பாதத்தின் மேல்புறம் சிவந்து உரியும். விரலிடுக்கு பெரும்பாலும் தப்பிவிடும். எக்ஸிமா, சோரியாசிஸ் இரண்டுமே பாதத்துக்கு வரும். விரலிடுக்கிலேயே பூஞ்சைக்குச் சொந்தமில்லாத எரித்ராஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்று உண்டு. வுட்ஸ் விளக்கு என்ற சோதனை விளக்கின் புற ஊதா ஒளியில் பவளச் சிவப்பாக ஒளிரும், பூஞ்சைக் கிரீமை மட்டும் நம்பி இருக்கக் கூடாத ஒன்று. நாற்றமும் அப்படியே. கால் நாறினால் பூஞ்சை என்பார்கள். நாற்றம் பெரும்பாலும் வியர்வையை உடைக்கும் பாக்டீரியாக்களின் வேலை. வியர்க்கும் உள்ளங்காலில் குண்டூசியால் குத்தினாற்போல் சின்னச் சின்னக் குழிகளும் கடும் நாற்றமும் இருந்தால் அது பாக்டீரியா செய்வது, அதற்கு மருந்தே வேறு.

இன்னொரு வேடிக்கை. காலில் பூஞ்சை தீவிரமாக இருக்கும்போது சிலருக்குக் கைவிரல் ஓரங்களில் நீர்க்கொப்புளங்கள் வந்து அரிக்கும். அந்தக் கொப்புளத்தைச் சுரண்டி அனுப்புவார்கள்; நானும் தேடு தேடென்று தேடுவேன், ஒன்றும் இருக்காது. காலில் இருக்கும் பூஞ்சைக்கு எதிராக உடம்பு கையில் காட்டுகிற எதிர்வினை அது. காலைக் குணப்படுத்தினால் கை தானாகச் சரியாகும்.

வீட்டு வைத்தியங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வினிகரால் குணமாகும் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை, வெடித்த தோலில் எரியும். பிளீச் வேண்டவே வேண்டாம். டீ ட்ரீ எண்ணெய் குறைந்த அடர்த்தியில் அரிப்பையும் உரிதலையும் குறைக்கலாம், பூஞ்சை போவது வேறு. சிலருக்கு ஒவ்வாமையும் கொடுக்கும். குளிக்கும்போது காலில் சிறுநீர் கழித்தால் யூரியா பூஞ்சையைக் கொல்லும் என்று உலகமெங்கும் ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. களிம்புகளில் யூரியா 10 முதல் 40 சதவீதம். சிறுநீரில் இரண்டு சதவீதம் அளவில்தான், அதுவும் தண்ணீர் ஊற்றியதும் ஓடிவிடும்.

ஷூவை எறிந்திருக்க வேண்டாம். இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிப் போட்டு, போடாததை நன்றாகக் காயவிட்டு, உள்ளே பூஞ்சை மருந்துப் பொடி தூவினால் போதும். வெறும் முகப்பவுடரை விரலிடுக்கில் கொட்டாதீர்கள், வியர்வையில் குழைந்து கட்டியாகும். காலுறை பருத்தி என்றால் நல்லது என்று நினைக்கிறோம். பருத்தி வியர்வையை உறிஞ்சும், ஆனால் தன்னிடமே வைத்துக்கொண்டு ஈரமாக ஒட்டிக்கிடக்கும். ஈரத்தை வெளியே தள்ளும்படி நெய்த செயற்கை இழையோ கம்பளி இழையோ பல நேரம் மேல். எதுவானாலும் வியர்த்ததும் மாற்றுவதுதான் முக்கியம். துவைக்கும்போது 60 டிகிரி வெந்நீர் பூஞ்சை வித்துகளைக் கொல்லும். வெதுவெதுப்பான நீரிலும் குளிர்ந்த நீரிலும் அவை தப்பிவிடும், பக்கத்துத் துணிகளுக்கும் போகும். தொற்று இருக்கும் நாட்களில் காலுறையை முதலில் போட்டுக்கொண்டு அப்புறம் உள்ளாடையைக் காலில் நுழையுங்கள். காலில் உரசி மேலே வருகிற உள்ளாடைதான் பூஞ்சையைத் தொடையிடுக்குக்கு ஏற்றி விடுகிற வண்டி. நாய் பூனை மேல் பழி போட வேண்டாம், பாதத்துப் பூஞ்சை மனிதரிடமிருந்து மனிதருக்கு வருவது.

‘வெறும் அரிப்புதானே, உயிரா போகிறது’ என்பதிலும் ஒரு பிசகு. விரலிடுக்கில் இருக்கும் வெடிப்பு பாக்டீரியாவுக்குத் திறந்த கதவு. காலில் செல்லுலைட்டிஸ் என்ற ஆழமான பாக்டீரியாத் தோல் தொற்று வருகிறவர்களிடம் தேடினால் பல நேரம் அந்தக் கதவு விரலிடுக்கில்தான் இருக்கும். கால் சிவந்து, சூடாகி, வீங்கி, வலித்து, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள், கிரீமைத் தேடாதீர்கள். நீரிழிவோ காலில் ரத்த ஓட்டக் குறைவோ உணர்ச்சிக் குறைவோ இருப்பவர்கள் இந்தப் பதிலைப் படித்துத் தாங்களே மருந்து தொடங்கக் கூடாது. அவர்களுக்கு விரலிடுக்கு வெடிப்பு சின்ன விஷயமே இல்லை.

இப்போது அப்பாவின் நகம். நீங்கள் நான்கு வாரம் ஒழுங்காக மருந்து பூசி, காலை உலர்த்தி, காலுறையைக் கொதிநீரில் போட்டு எடுத்தாலும், அதே குளியலறையில் அவர் நகத்திலிருந்து தினமும் செதில் உதிர்ந்துகொண்டிருந்தால் மறுபடி உங்களுக்கு வர வாய்ப்பு உண்டு. ஒருமுறை வந்தால் திரும்ப வராது என்கிற பாதுகாப்பை இந்தப் பூஞ்சை தருவதில்லை. ரூப்ரம் எளிதில் பிடிக்கும் தன்மை சில குடும்பங்களில் வழிவழியாக இருப்பதும் உண்டு, அதனால் அப்பாவுக்கும் மகனுக்கும் இருப்பது ஆச்சரியம் இல்லை. உங்கள் இடுக்கிலிருந்து அவருக்குப் போனதா, அவரிடமிருந்து உங்களுக்கு வந்ததா என்று கேட்டால், பல வருடமாக இருப்பது அவருடைய நகம்.

வயதானால் நகம் தடிக்கும், மஞ்சளாகவும் ஆகும், அதனால் நீங்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். உருமாறிய கால் நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சை. மீதி வயது, ஷூ இடித்த காயம், சோரியாசிஸ் போன்றவை. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, நுண்ணோக்கி பார்க்கிற நானும் சொல்ல மாட்டேன். அதனால்தான் பரிசோதிக்காமல் நகத்துக்கு மாத்திரை தொடங்குவது எனக்குப் பிடிப்பதில்லை. பூஞ்சை என்று உறுதியானால் கால் நகத்துக்கு டெர்பினஃபின் மாத்திரை வழக்கமாக 12 வாரம்; கல்லீரல் எப்படி இருக்கிறது, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று மருத்துவர் பார்த்துத்தான் கொடுப்பார். 12 வாரம் முடிந்த அன்று நகம் பார்க்கப் பழைய மாதிரியே இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று அந்த இடத்தில்தான் எல்லோரும் மனம் விட்டுவிடுகிறார்கள். கால் கட்டைவிரல் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். கெட்ட நகம் முழுக்க நகர்ந்து வெளியேற ஒரு வருடம், ஒன்றரை வருடம் கூட ஆகும். அடியிலிருந்து தெளிவான நகம் ஏறி வருகிறதா என்று மாதம் ஒரு முறை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தடிப்பு குறைவாக, நுனியில் மட்டும் இருந்தால் நகத்தில் பூசும் மருந்தும் உண்டு, அதற்கும் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

அவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போவதற்குச் சில வாரம் முன்பிருந்தே நகத்தில் எந்தப் பூஞ்சை மருந்தும் பூச வேண்டாம், இருக்கிற கொஞ்சநஞ்சமும் ஒளிந்துகொள்ளும். அன்றைக்கு முன்னால் வீட்டில் நகத்தை ஒட்ட வெட்டிச் சுத்தம் செய்தும் அனுப்பாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், எனக்குத்தான் சுரண்ட எதுவும் மிஞ்சாது. நகத்தின் நுனித்துணுக்கைவிட, நல்ல நகமும் கெட்ட நகமும் சந்திக்கிற இடத்தில் அடியில் தேங்கியிருக்கும் பொடியில்தான் பூஞ்சை உயிரோடு இருக்கும். ஆழமாகச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள், வலிக்காது. எடுத்ததை உலர்ந்த காகிதத்தில் மடித்துத்தான் அனுப்ப வேண்டும், ஈரமான குப்பியில் போட்டால் பாக்டீரியா முந்திக்கொள்ளும். நுண்ணோக்கி முடிவு அன்றோ மறுநாளோ தெரிந்துவிடும். வளர்ப்புச் சோதனைக்கு நான்கு வாரம் வரை ஆகும், அதில் ஒன்றும் வளரவில்லை என்று வந்தாலும் ஒரு தடவை நம்பி விட்டுவிடாதீர்கள், திரும்ப அனுப்புங்கள். அதே நாளில் உங்கள் விரலிடுக்கிலிருந்தும் கொஞ்சம் சுரண்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.